பரீட்சைப் பயமும் வாசிகசாலையும்

மாரிக் காலத்துப் பருத்தித்துறை இரவை அறிந்தவர்கள் அதனை எளிதில் மறந்துவிட மாட்டார்கள். வாடைக் காற்று கடலிலிருந்து ஓயாது வீசிக்கொண்டிருக்கும். அலையின் இரைச்சல் வீட்டுத் திண்ணை வரை வந்து கேட்கும். ஊர் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கும் வேளையிலே, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில வீடுகளில் மட்டும் விளக்கு எரியும். அந்த வீடுகளில் நோயாளர் இருக்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கின்ற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அத்தகைய வீடு ஒன்றினுள் சற்றே எட்டிப் பார்ப்போம்.

"தம்பி, தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டுப் படியன்."

"வையுங்கோ அம்மா, பிறகு குடிக்கிறன்."

தாயார் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் செல்கிறார். ஒரு மணி நேரங் கழித்து வந்து பார்த்தால் தேநீர் ஆடை படர்ந்து அப்படியே இருக்கிறது. புத்தகமும் திறந்த பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளையின் கண்கள் எழுத்தின் மீது பதிந்திருக்கின்றன. ஒரு வரியேனும் உள்ளே சென்றதாகத் தெரியவில்லை. "படிக்கிறான் இல்லை" என்று தகப்பனார் சினக்கிறார். உண்மை அதுவன்று. அவன் படிக்க மறுக்கவில்லை. அவனாற் படிக்க முடியவில்லை. அச்சம் அவனுக்கு முன்னே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

பரீட்சைக் காலத்தில் நம் பிள்ளைகளை வாட்டும் இந்த அச்சத்தைப் பற்றியும், அதனைத் தணிப்பதற்கு ஊரின் நூலகமும் வாசிகசாலையும் என்ன செய்யக்கூடும் என்பது பற்றியுமே இவ்வாரம் சிறிது சிந்திக்க விரும்புகின்றோம்.

அச்சம் முழுவதும் பகையா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பரீட்சையை நினைத்துச் சிறிது அஞ்சுவது குற்றமுமன்று, நோயுமன்று. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே பட்டம் ஏற்றுவதைப் பார்க்காத வடமராட்சிப் பிள்ளை இராது. நூல் தளர்ந்தால் பட்டம் தலைகுப்புற விழும். அளவுக்கு மேல் இழுத்துப் பிடித்தால் நூலே அறுந்துபோகும். அளவான இழுவை இருக்கும்போதுதான் பட்டம் காற்றை எதிர்த்து மேலெழுகின்றது. மனித உள்ளமும் அத்தகையதே. 1908ஆம் ஆண்டிலே யேர்க்ஸ், டொட்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் எலிகளை வைத்து நடத்திய பரிசோதனைகள் இதனையே உணர்த்தின. தூண்டுதல் மிகக் குறைந்தாலும் கற்றல் மந்தமாகின்றது. மிக அதிகரித்தாலும், அதிலும் கடினமான பாடமாக இருந்தால், கற்றல் குலைந்துபோகின்றது.

அச்சம் மிகும்போது உடலில் நிகழ்வது யாது? புலியைக் கண்டவனுக்கு வேண்டிய ஆயத்தங்களையெல்லாம் உடல் செய்கின்றது. இதயம் விரைந்து அடிக்கின்றது, மூச்சு மேலோட்டமாகின்றது, அட்ரினலின், கோர்ட்டிசோல் என்னும் சுரப்புகள் இரத்தத்திற் கலக்கின்றன. ஓடுவதற்கு இவையெல்லாம் உதவும். இரசாயனச் சமன்பாட்டை நினைவுகூர்வதற்கு உதவமாட்டா. கணக்கின் இடைப்படிகளைத் தாங்கி நிற்கவேண்டிய நினைவாற்றலின் பெரும்பங்கை, "என்ன நடக்குமோ?" என்ற கவலையே பிடித்துக்கொள்கின்றது. வீட்டிலே சரியாகச் செய்த கணக்கு மண்டபத்திலே மறந்துபோவதன் காரணம் இதுவே. பிள்ளையின் அறிவிற் குறையேதுமில்லை.

நமது பிள்ளைகளுக்கு இவ்வச்சம் சற்று மிகுதியாக இருப்பதற்குக் காரணங்களும் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுப் படிப்பை மூன்று பாடங்களின் வினாத்தாள்கள் நிறுத்துப் பார்க்கின்றன. தகுதி பெற்றோர் எல்லோருக்கும் பல்கலைக்கழகங்களில் இடமில்லை. காலையில் பாடசாலை, மாலையில் ஒரு ரியூட்டரி, இரவில் இன்னொன்று என்று துவிச்சக்கர வண்டியிலேயே பாதி வாழ்வைக் கழிக்கும் பிள்ளைகளை நாம் நாளாந்தம் வீதியிலே காண்கின்றோம். போதாததற்கு இயற்கையும் சில வேளை குறுக்கிடுகின்றது. 2024 நவம்பர் 25ஆம் திகதி தொடங்கிய உயர்தரப் பரீட்சை, கடும் மழையினாலும் வெள்ளத்தினாலும் 27ஆம் திகதி முதல் நிறுத்தப்பட்டு, டிசெம்பர் 4ஆம் திகதியே மீண்டும் நடைபெற்றது. இறுக்கிக் கட்டிய மனத்தை ஒரு வாரம் அப்படியே வைத்திருக்க வேண்டிய நிலை அப்பிள்ளைகளுக்கு ஏற்பட்டது.

இவற்றுடன் ஊரின் பெருமையும் ஒரு சுமையாகிவிடுகின்றது. 1838ஆம் ஆண்டிலே பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தொடங்கிய பள்ளியே இன்று ஹாட்லிக் கல்லூரியாக விளங்குகின்றது. கேம்பிரிட்ஜிலே டிராக் என்னும் பேரறிஞரிடம் ஆய்வு செய்த கணிதப் பேராசிரியர் எலியேசர் அங்கே படித்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய பேராசிரியர் அழகையா துரைராஜாவும் அங்கே படித்தவரே. இப்பெயர்களைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டுவது நன்று. ஆனால், "அவர்களைப் போல வராவிட்டால் நீ எதற்கு?" என்ற தொனியிலே சொல்லப்படும்போது அதே பெயர்கள் பிள்ளையின் முதுகில் ஏற்றிய மூட்டையாகிவிடுகின்றன.

தனிமையில்லாத அமைதி

இனி நூலகத்துக்கு வருவோம். வீட்டில் அமைதி உண்டு. ஆனால் அங்கே பிள்ளை தனியன். அறைக்கு வெளியே நடக்கும் ஒவ்வொரு காலடியும் தன்னைக் கண்காணிப்பதாகவே அவனுக்குத் தோன்றும். ரியூட்டரியிலே கூட்டம் உண்டு. ஆனால் அங்கே அமைதியில்லை, எண்ணிப் பார்க்க நேரமுமில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே, பலர் கூடியிருந்தும் அமைதி குலையாத இடம் ஒன்று வேண்டும். அதுவே நூலகம்.

வாசிகசாலையின் நீண்ட வாங்கிலே ஐந்தாறு பேர் அமர்ந்து படிக்கும்போது, ஒருவரோடொருவர் பேசாவிட்டாலும் ஒரு செய்தி பரிமாறப்படுகின்றது. "எனக்கு மட்டுமன்று, பக்கத்திலிருப்பவனுக்கும் இந்தப் பாடம் கடினமாகத்தான் இருக்கிறது" என்பதே அச்செய்தி. அச்சத்தின் வலிமையிற் பாதி, அது தனக்கு மட்டுமே உரியது என்று நாம் எண்ணிக்கொள்வதிலே தங்கியுள்ளது. பிறரும் அஞ்சுகின்றனர் என்று அறிந்த கணமே அது சற்றுக் குறைந்துவிடுகின்றது.

இந்த உண்மையை நம்மவர்க்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. குடாநாட்டின் ஊர்கள்தோறும் சனசமூக நிலையங்களையும் அவற்றோடு சேர்ந்த வாசிகசாலைகளையும் அமைத்தவர்கள் நம் முன்னோர். பத்திரிகை வாங்க வசதியற்றவர்களும் நாட்டு நடப்பை அறிய வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய அந்தச் சிறு கட்டடங்கள், எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பறையாகவும் பயன்பட்டன.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையும் ஒரு தனி மனிதரின் வீட்டிலிருந்தே தொடங்கியது. 1933ஆம் ஆண்டிலே க. மு. செல்லப்பா என்பவர் தம் இல்லத்திலேயே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். லோங் அடிகளார் முதலிய பலரின் முயற்சியால் அது வளர்ந்தது. தமிழ்நாட்டின் நூலக மேதை அரங்கநாதன் ஆலோசனை வழங்க, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் அமைக்க, 1959 ஒக்டோபர் 11ஆம் திகதி புதிய கட்டடம் திறந்துவைக்கப்பட்டது. 1981 மே 31ஆம் திகதி இரவு அந்த நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. மூன்றாண்டுகள் கழித்து, 1984இல், பருத்தித்துறையிலே ஹாட்லிக் கல்லூரியின் நூலகமும் தீக்கிரையாயிற்று.

நூல்கள் போயின, பரீட்சைகள் போகவில்லை. 1990ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் வருவது நின்றது. மண்ணெண்ணெயும் அரும்பொருளாயிற்று. ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது பஞ்சும் எண்ணெயும் இட்டுத் திரிகொளுத்திய விளக்கின் முன்னே ஒரு தலைமுறை முழுவதும் படித்தது. எண்ணெயைச் சிக்கனப்படுத்த, ஒரு விளக்கைச் சுற்றிப் பலர் அமர்ந்தனர். வறுமை கற்பித்த ஏற்பாடு அது. ஆயினும், அன்று படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெளிச்சம் போதாமையைச் சொல்வதற்கு முன்னர், பக்கத்திலே யார் யார் இருந்தார்கள் என்பதைத்தான் சொல்வார்கள். அந்தக் காலத்திலேதான், 1988ஆம் ஆண்டிலே துணைவேந்தர் பொறுப்பை ஏற்றிருந்த பேராசிரியர் துரைராஜா துவிச்சக்கர வண்டியிலே பல்கலைக்கழகத்துக்குச் சென்று, போரின் நடுவிலும் வகுப்புகளும் பரீட்சைகளும் நடைபெறச் செய்தார். தலைவர் கலங்காதிருந்தது மாணவர்களின் கலக்கத்துக்கு மருந்தாயிற்று.

இன்று மின்விளக்கு உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விளக்கு, ஒரு மேசை, ஒரு அறை என்று வசதி பெருகியுள்ளது. விளக்கு தனித்தனியானபோது பிள்ளையும் தனித்துவிட்டான் என்பதை நாம் கவனிக்கவில்லை.

நாயை இரவல் கொடுத்த நூலகம்

பிற நாடுகளிலும் இந்தக் கவலை உண்டு. பரீட்சை நெருங்கும் வாரங்களில் இரவு முழுவதும் திறந்திருக்கும் பல்கலைக்கழக நூலகங்கள் பல உள்ளன. அமெரிக்காவிலே யேல் பல்கலைக்கழகத்தின் சட்ட நூலகம் 2011ஆம் ஆண்டு ஒரு விநோதமான காரியம் செய்தது. அங்கே பணியாற்றும் ஒருவரின் வளர்ப்பு நாயாகிய மோன்டியை, நூலை இரவல் கொடுப்பது போல, மாணவர்களுக்கு முப்பது நிமிட நேரம் இரவல் கொடுத்தது! மாணவர்கள் அதனோடு விளையாடிவிட்டுப் படிப்புக்குத் திரும்பினர். பின்னர் பல நூலகங்கள் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டன. 2019ஆம் ஆண்டில் வெளியான வாசிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, 249 மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்டது. நாயையோ பூனையையோ பத்து நிமிடங்கள் தடவிக் கொடுத்தவர்களின் உமிழ்நீரிலே கோர்ட்டிசோலின் அளவு குறைந்திருந்ததாக அது கண்டது.

இதைப் படித்துவிட்டு நமது வாசகர் நகைப்பது நமக்குக் கேட்கின்றது. நம்மூர் வாசிகசாலைக்குள்ளே நாய் நுழைந்தால் அதற்குக் கிடைக்கும் உபசாரம் வேறு! நாம் அதனைப் பின்பற்றச் சொல்லவில்லை. அதன் கருத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்கின்றோம். மதிப்பெண் கேளாத ஓர் உயிரோடு பத்து நிமிடங்கள் இருப்பது மனத்துக்கு ஆறுதல். அதற்கு நாய்தான் வேண்டுமென்பதில்லை. "இந்தமுறை எத்தனை ஏ வரும்?" என்று கேளாத ஒரு மனிதரும் போதும்.

நூலகங்கள் செய்யத்தக்கவை

பெருஞ் செலவின்றி, நமது நூலகங்களும் சனசமூக நிலையங்களும் பாடசாலை நூலகங்களும் பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதங்களில் செய்யத்தக்க சிலவற்றை இங்கே கூறுகின்றோம்.

முதலாவது, நேரம். பிள்ளை பாடசாலையையும் வகுப்புகளையும் முடித்து வருவதோ மாலையில். அவ்வேளையிலே கதவு பூட்டப்பட்டால் உள்ளேயுள்ள மேசையும் விளக்கும் யாருக்குப் பயன்படும்? இரவு ஒன்பது மணி வரையேனும் ஓர் அறையைத் திறந்து வைத்தல் வேண்டும். இதற்கு வேண்டிய முதற்பொருள் பணமன்று, திறப்பு. அந்தத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மாலை முழுவதும் அங்கே இருக்க ஒருவர் முன்வர வேண்டும். ஊரிலே இளைப்பாறிய ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் பலர் உளர். வாரத்துக்கு ஒருநாள் ஒருவர் என்று ஏழு பேர் சேர்ந்தால் வாரம் முழுவதும் கதவு திறந்திருக்கும்.

பெண்பிள்ளைகளை இரவில் அனுப்பப் பெற்றோர் தயங்குவது இயல்பே. அவர்களுக்கென வார இறுதிப் பகல்களை ஒதுக்கலாம். அயல் வீடுகளிலுள்ள நான்கு பிள்ளைகள் சேர்ந்து வர, நான்கு வீட்டாரும் முறைவைத்து அழைத்துச் செல்லலாம். வாசிகசாலை ஆண்பிள்ளைகளின் இடம் என்ற பழைய எண்ணத்தை இனியாவது நாம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வினாத்தாள்கள். வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது, 1931இல் அரங்கநாதன் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது. பரீட்சைக் காலத்தைப் போல அவ்விதிக்குப் பொருத்தமான காலம் வேறில்லை. கடந்தகால வினாத்தாள்களைப் பாடவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் கட்டி, வாயிலுக்கு அருகே ஒரே அலுமாரியில் வைத்துவிட்டால், அவற்றைத் தேடி அலையும் பதைப்பு நீங்கும். நகலெடுக்கக் காசில்லாத பிள்ளைக்கு இது பேருதவி. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் இலவசமாக வாசிக்க வழிசெய்துள்ளது. கணினி உள்ள இடங்களில் அதனையும் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, அமைதிக்கும் பேச்சுக்கும் வெவ்வேறு இடங்கள். உள்ளறையில் முழு அமைதி. விறாந்தையிலே மெல்லப் பேச அனுமதி. விளங்காத கணக்கை நண்பனிடம் கேட்பதற்கும், "எனக்கு இது ஓடவே இல்லை" என்று வாய்விட்டுச் சொல்வதற்கும் ஓரிடம் வேண்டுமன்றோ? கதவருகே ஒரு பெட்டி வைத்து, உள்ளே செல்பவர் கைத்தொலைபேசியை அதிலே இட்டுச் செல்லுமாறு செய்வதும் நன்று. அதைத் தாமாகவே இட்டுச் செல்லுமாறு பழக்க வேண்டும், பறித்தெடுத்தல் ஆகாது.

நான்காவது, வேறு நூல்கள். பரீட்சைக்குப் படிப்பவன் கதைப்புத்தகத்தைத் தொடுவது பாவம் என்று கருதுவோர் உளர். இரண்டு மணி நேரம் பௌதிகம் படித்த பின்னர், இருபது நிமிடம் ஒரு சிறுகதையையோ பயண நூலையோ நகைச்சுவைக் கட்டுரையையோ வாசிப்பது மனத்துக்குக் குளிர்நீர் தெளித்தாற்போலாகும். எகிப்தின் பழைய மன்னன் ஒருவனது நூலகத்தை உள்ளத்துக்கு மருத்துவம் செய்யும் இடமாக அக்காலத்தவர் கருதினர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதிவைத்துள்ளார். ஒரு தட்டிலே இருபது நல்ல கதைப்புத்தகங்களை அடுக்கி, "படிப்புக்கு நடுவே படிப்பதற்கு" என்று எழுதி வைத்தாற் போதும்.

ஐந்தாவது, ஒரு மண்பானைத் தண்ணீர். முடிந்தால் ஏழு மணிக்கு ஒரு கோப்பை தேநீரும், இரண்டு பருத்தித்துறை வடையும்! அயல் வீட்டார் முறைவைத்துக் கொடுத்தால் எவருக்கும் பாரமாகாது. கால்மணி நேரம் எல்லோரும் புத்தகத்தை மூடிவிட்டு ஒன்றாக நின்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பே நாம் மேலே சொன்ன மோன்டி.

மாணாக்கர்களுக்குச் சில சொற்கள்

மாணவ மாணவியரே, நூலக மேசையில் அமர்ந்ததும் நீங்கள் செய்யத்தக்க சில எளிய காரியங்கள் உண்டு.

படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பது மனத்துக்கு இதமாக இருக்கும். எல்லாம் தெரிந்தது போலவும் தோன்றும். இத்தோற்றத்தை நம்பிவிடாதீர்கள். ரோடிகர், கார்பிக்கே என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டிலே மாணவர்களைக் கொண்டு இதனைச் சோதித்தனர். ஒரு சாரார் பாடத்தை மீண்டும் படித்தனர். மறு சாரார் பாடத்தைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடங் கழித்துக் கேட்டபோது மீண்டும் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரங் கழித்துக் கேட்டபோதோ, எழுதிப் பார்த்தவர்கள் நூற்றுக்கு 56 பங்கையும், மீண்டும் படித்தவர்கள் 42 பங்கையுமே நினைவில் வைத்திருந்தனர். ஆகவே, ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் உள்ளதை ஒரு வெற்றுத் தாளில் எழுதுங்கள். பின்னர் திறந்து ஒப்பிடுங்கள். அச்சத்துக்கும் இது மருந்தாகும். எது தெரியும், எது தெரியாது என்பது தாளிலே வெளிப்பட்டுவிட்டால், "ஒன்றுமே தெரியாது" என்ற இருட்டு விலகிவிடும்.

மனம் படபடக்கும்போது கவலைகளையே பத்து நிமிடம் தாளில் எழுதிப் பார்க்கலாம். பரீட்சைக்குச் சற்று முன்னர் இவ்வாறு எழுதிய மாணவர்கள் கூடுதலான புள்ளிகள் பெற்றதாக 2011ஆம் ஆண்டு ஓர் ஆய்வு கூறியது. 2018இல் வெளியான மறுசோதனையில் அப்பயன் உறுதிப்படவில்லை என்பதையும் மறையாது சொல்ல வேண்டும். ஆயினும் செலவில்லாத செயல் இது. எழுதிய தாளைக் கிழித்தெறிந்துவிட்டுப் படிக்கத் தொடங்கும்போது சிலருக்கு நெஞ்சு இலேசாகின்றது. உங்களுக்குப் பயன்பட்டால் தொடருங்கள்; இல்லையேல் விட்டுவிடுங்கள்.

மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதைச் சற்று நீளமாக்குங்கள். நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஐந்து நிமிடம் இவ்வாறு செய்தால், விரைந்தடிக்கும் இதயம் தணியும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பை அடக்கும் நரம்பு கூடுதலாக இயங்குவதே இதன் காரணம். பரீட்சை மண்டபத்திலும் எவரும் அறியாமல் இதைச் செய்யலாம்.

உறக்கத்தைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டுமென்பது மருத்துவர்களின் முடிபு. பகலிற் படித்தது நினைவிலே ஊன்றுவது உறக்கத்தின்போதுதான். விடிய விடிய விழித்துப் படிப்பவன், விதைத்த நிலத்தை மூடாமலே விட்டுச் செல்லும் கமக்காரனை ஒப்பான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

தாய்மாரே, தந்தைமாரே! பிள்ளை வாசிகசாலையிலிருந்து திரும்பியதும், "எத்தனை மணித்தியாலம் படித்தாய்?" என்று கேளாதீர்கள். "ஆர் ஆர் வந்தவை? என்ன பகிடி?" என்று கேளுங்கள். அக்கேள்விக்குப் பின்னாலே பிள்ளை தானாகவே பாடத்தைப் பற்றியும் பேசத் தொடங்குவதைக் காண்பீர்கள். அயல் வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் வழக்கத்தை இரண்டு மாதங்களுக்கேனும் பெட்டியிலே வைத்துப் பூட்டிவிடுங்கள். இராச் சாப்பாட்டுக்கு எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்த்து, இடியப்பமும் சொதியும் போல எளிதிற் செரிப்பதைக் கொடுங்கள்.

உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பதையும், பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் தொழில்நுட்பக் கல்லூரி, கல்வியியற் கல்லூரி முதலிய வழிகள் உண்டு என்பதையும் பெறுபேறு வந்த பின்னர் ஆறுதலாகச் சொல்வதிற் பயன் குறைவு. பரீட்சைக்கு முன்னரே, மனமாரச் சொல்லுங்கள். விழுந்தால் தாங்குவதற்கு ஆள் உண்டு என்று அறிந்த பிள்ளையே துணிந்து மரமேறுகின்றது.

சில அறிகுறிகளை மட்டும் சாதாரணமென்று விட்டுவிடக் கூடாது. பிள்ளை பல நாட்களாக உண்ணாமலும் உறங்காமலும் இருந்தால், நண்பர்களை முற்றாக ஒதுக்கினால், வாழ்வில் வெறுப்புற்றுப் பேசினால், அது படிப்புக் கவலையின் எல்லையைக் கடந்துவிட்டது. அப்போது அறிவுரை கூறுவதை நிறுத்தி, அருகில் இருங்கள். மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கோ அண்மையிலுள்ள வைத்தியரிடமோ அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் தேசிய மனநல உதவிச் சேவையோடு பேசலாம். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் செல்வதில் வெட்கமில்லை, இதிலும் வெட்கமில்லை.

திறப்பு யாரிடம்?

நூலகத்தை இழப்பது எத்தகைய துயரமென்று நம்மைப் போல அறிந்த சமூகங்கள் உலகிற் சிலவே. எரிந்த நூலகங்களுக்காக நாம் அழுதோம். இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றோம். அது நம் கடமை. ஆனால், எரியாமல் நிற்கின்ற வாசிகசாலை ஒன்று, நம் ஒழுங்கையின் முடிவிலே, மாலை ஆறு மணிக்குப் பூட்டிக் கிடக்குமாயின், அந்த இழப்புக்கு யாரை நோவது?

இவ்வாரம் உங்கள் ஊர் வாசிகசாலைப் பக்கம் ஒரு முறை சென்று பாருங்கள். விளக்கு எரிகின்றதா என்று பாருங்கள். வாங்கில் தூசி படிந்திருந்தால் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். திறப்பு யாரிடம் இருக்கின்றது என்று விசாரியுங்கள். அவர், "மாலையில் இருக்க ஆளில்லை" என்று சொன்னால், "செவ்வாய்க்கிழமை நான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையிலே, ஆறிப்போன தேநீரை விட்டுவிட்டு ஒரு பிள்ளை வந்து உங்கள் எதிரே அமரும். நீங்கள் ஒன்றும் பேச வேண்டியதில்லை. உங்கள் பத்திரிகையை நீங்கள் வாசித்துக்கொண்டிருங்கள். சிறிது நேரத்தில் அப்பிள்ளை பக்கத்தைத் திருப்பும் ஓசை கேட்கும்.